கூலியும் அல்ல, மொய்யும் அல்ல: வேதாகமம் சொல்லும் கிருபை

புதன்கிழமை மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தின் பக்கம் போன மும்பைக்காரர்களுக்கு அந்தக் கூட்டம் பழக்கம். இடைவிடா சகாய மாதா நவநாள் அங்கே 1948 முதல் நடக்கிறது. தாராவியிலிருந்து வருபவர்கள், சயான் கோலிவாடாவிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்று எல்லாரும் அந்த வரிசையில் நிற்பார்கள். ஒன்பது புதன் தொடர்ந்து வருவதாக நேர்ந்துகொண்டவர்கள் அதில் நிறைய. ஏழாவது புதன் பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. அப்போது என்ன? மறுபடி முதல் புதனிலிருந்தா? இந்தக் கேள்வியோடு தூக்கம் கெட்ட தாய்மார்கள் உண்டு.

அதே தாராவியில், கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் கூடும் சபையில் வேறு மாதிரிக் குழப்பம். ஆராதனை தொடங்கும்போது "எல்லாம் அவர் கிருபை" என்று பாடுகிறார்கள். அரை மணி நேரம் கழித்து, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காத வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று பிரசங்கம் வருகிறது. இரண்டும் ஒரே வேதத்திலிருந்துதான் சொல்லப்படுகின்றன. எதை நம்புவது?

கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற வேறுபாடு இல்லாமல் இரண்டு பக்கமும் கேட்பது ஒரே கேள்விதான்: கடவுளின் தயவு சம்பாதிக்கக்கூடிய பொருளா? வேதாகமத்தை அடியிலிருந்து படித்தால் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் மூன்று சொற்கள்

தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'கிருபை' என்று வருவது மூலத்தில் எப்போதும் ஒரே சொல் அல்ல.

1. எபிரெயத்தில் 'கேன்'. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பிரியத்தோடு பார்ப்பது. ஆதியாகமம் 6:8-ல் "நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது" என்று வருவது இதுதான். வேதாகமத்தில் இந்தச் சொல் முதன்முதலாக வரும் இடமும் அதுவே.

2. எபிரெயத்தில் 'ஹெஸெத்'. உறவுக்குள் இருக்கும் மாறாத அன்பு, கொடுத்த வார்த்தையை விடாத அன்பு. சங்கீதம் 136-ல் 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். அங்கே இருப்பது இந்தச் சொல். கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் இதைப் 'பேரன்பு' என்று வேறுபடுத்திக் காட்டுகிறது.

3. கிரேக்கத்தில் 'காரிஸ்'. புதிய ஏற்பாட்டில் கிருபை என்று நாம் படிப்பது பெரும்பாலும் இதுதான். திருவிவிலியத்தில் 'அருள்'. கொடை, கொடுப்பவரின் மனம், வாங்கியவரின் நன்றி மூன்றையும் இந்த ஒரே சொல் குறிக்கும். ரோமர் 6:17-ல் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று தமிழில் வரும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது காரிஸ்தான்.

'அருள்' என்றவுடன் தமிழருக்குப் பழைய நினைவு ஒன்று எழும். அவன் தாளை வணங்குவதே அவன் அருளால்தான் என்று மாணிக்கவாசகர் பாடினார். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் வாயில் கவ்விப் போகும் பூனைக் குட்டியா என்று வைணவத்தில் வடகலையும் தென்கலையும் பிரிந்து நின்று விவாதித்தன. மனிதன் பங்கு எவ்வளவு, தெய்வத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி நம் மொழிக்குப் புதிதல்ல. கிறிஸ்தவ வேதம் சொல்லும் பதில் இவற்றோடு அப்படியே பொருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வியின் கனத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு வெளியே போக வேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

மொய் நோட்டு இருந்த உலகம்

புதிய ஏற்பாட்டின் பல கடிதங்களை எழுதிய பவுல் காரிஸ் என்று எழுதியபோது, கேட்டவர்களுக்கு அது பக்திச் சொல்லாகப் பட்டிருக்காது. கிரேக்க, உரோமச் சமூகத்தில் அன்றாடம் புழங்கிய சொல் அது. பெரிய மனிதர் உதவி செய்வார், வாங்கியவர் விசுவாசமாக இருந்து திருப்பிச் செய்வார். நம் ஊர் மொய்யை நினைத்தால் போதும். கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, நீளமான நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார்கள். அது அன்பளிப்புதான். ஆனாலும் பத்து வருஷம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்முன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்போம், இல்லையா? வாங்கியதற்குக் குறைந்து எழுதினால் மரியாதை போய்விடும்.

அந்த உலகத்தில் இன்னொரு விதியும் இருந்தது: கொடையைத் தகுதியானவனுக்குக் கொடு. நன்றி கெட்டவனுக்குக் கொடுத்தால் அது வீண். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்கச் சொன்னவர்களில் பவுலின் காலத்து உரோமச் சிந்தனையாளர் செனேக்காவும் ஒருவர்.

இந்தப் பின்னணியில் ரோமர் 5:8-ஐப் படித்தால் அதன் அதிர்ச்சி தெரியும். "நாம் பாவிகளாயிருக்கையில்" கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார் பவுல். இரண்டு வசனம் தள்ளி 'சத்துருக்கள்' என்றே சொல்கிறார். தகுதியில்லாதவனுக்கு, அதுவும் எதிரிக்கு, தகுதி வரும்வரை காத்திருக்காமல் கொடுக்கப்பட்ட கொடை.

ஆக, நாம் கிருபையைத் தவறாகப் புரிந்துகொள்ள இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கூலி: முதலில் உழைப்பு, பிறகு தயவு. மற்றது மொய்: முதலில் தயவு, பிறகு கட்டாயமாகத் திருப்பிச் செய்வது. கூலிக் கணக்கைத்தான் பிரசங்கங்களில் அடிக்கடி கண்டிக்கிறார்கள். மொய்க் கணக்கு பக்தியைப் போலவே தோற்றம் தருவதால் தப்பித்துவிடுகிறது. நம் மக்களை அதிகம் வாட்டுவது இரண்டாவதுதான் என்பது என் கருத்து.

வரிசையைப் பாருங்கள்

கிருபையைப் பற்றி வேதத்தைப் படிக்கும்போது ஒரு பழக்கம் மிகவும் உதவும். எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது.

1. யாத்திராகமம் 20-ல் பத்துக் கட்டளைகள். கட்டளை தொடங்குவதற்கு முன் இரண்டாம் வசனத்தில், உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினவர் நானே என்று கர்த்தர் சொல்கிறார். செங்கடலைக் கடந்தது 14-ஆம் அதிகாரம். கட்டளை வந்தது 20-ஆம் அதிகாரம். கட்டளையைக் கைக்கொண்டதால் விடுதலை கிடைத்தது என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

2. உபாகமம் 7:7-8. நீங்கள் திரளான ஜனம் என்பதற்காக உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, நீங்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமாயிருந்தீர்கள். காரணம் அவருடைய அன்பு. இரண்டு அதிகாரம் தள்ளி 9:6 இன்னும் வெளிப்படை: உன் நீதிக்காக அல்ல, நீ வணங்காக் கழுத்துள்ள ஜனம்.

3. நோவா. 6:8-ல் கிருபை கிடைத்தது என்று வருகிறது. நோவா நீதிமான் என்பது அதற்கு அடுத்த வசனம்.

4. எபேசியர் 2:8-10. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்று 8, 9-ஆம் வசனங்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ஆம் வசனம். நற்செயல் காணாமல் போகவில்லை, அதன் இடம் மாறியிருக்கிறது. பலர் 9-ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், அதனால்தான் பாதிக் குழப்பம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஏற்பாடு கிரியை, புதிய ஏற்பாடு கிருபை என்றும், யூதர்கள் எல்லாரும் கடவுளிடம் கணக்குப் பார்த்தவர்கள் என்றும் ஞாயிறு பள்ளியிலேயே நம் மனதில் பதிந்துவிடுகிறது. முதல் மூன்று எடுத்துக்காட்டும் யூதர்களின் வேதத்திலிருந்துதான் வருகின்றன. 1977-ல் ஈ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் பண்டைய யூத நூல்களை விரிவாக ஆராய்ந்து, அவர்களுக்கும் கடவுள் தங்களைத் தேர்ந்தெடுத்தது முதலில், நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) அந்தத் தேர்வுக்கு மறுமொழியாக நடக்கும் வழி என்று காட்டினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் யூத மதத்தைக் கூலிக் கணக்கு மதமாக எளிதில் வரைந்துவிடும் பழக்கம் அதன்பின் ஆய்வுலகில் நிற்க முடியவில்லை. கணக்குப் பார்க்கும் நோய் மனிதருக்குப் பொதுவானது.

நாக்காவில் நிற்பவருக்குத் தெரியும் உவமை

இன்னொரு ஆச்சரியம். கிருபையைக் குறிக்கும் காரிஸ் என்ற சொல் மத்தேயுவிலும் மாற்குவிலும் ஒரு தடவைகூட வருவதில்லை. யோவானில் முதல் அதிகாரத்தின் முன்னுரையோடு சரி. இயேசு இதை இலக்கணமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கதையாகச் சொன்னார்.

மத்தேயு 20-ல் வரும் திராட்சத்தோட்ட வேலையாட்களின் கதையை மும்பையில் படிப்பதற்கு ஒரு நாக்காவில், தினக்கூலி ஆட்கள் வேலைக்குக் காத்து நிற்கும் தெருமுனையில், போய் நிற்க வேண்டும். காலையில் பெயிண்ட் ரோலரும் கொத்துக் கரண்டியும் வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கான்டிராக்டர் பைக்கை நிறுத்தியதும் சுற்றிக்கொள்வார்கள். உடம்பு வாட்டசாட்டமாக இருப்பவர்கள் முதலில் போவார்கள். பதினொரு மணிக்கு மேல் அங்கே மிஞ்சி நிற்பவர் யார்? வயதானவர், இருமுகிறவர், புதிதாக வந்து மொழி தெரியாதவர். இன்று அடுப்பு எரியுமா என்ற கவலை அந்த முகங்களில் எழுதியிருக்கும்.

கதையில் எஜமான் விடியற்காலை ஆட்களை அழைக்கிறான், கூலி நாளுக்கு ஒரு பணம். பிறகு காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று. கடைசியாக பதினோராம் மணி வேளை, நம் கணக்கில் மாலை ஐந்து. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். சோம்பேறிகள் என்று கதை சொல்லவில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மணிக்குக் கூலி. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு பணம், நாள் முழுக்க வெயிலில் நின்றவனுக்கும் ஒரு பணம். முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவர்கள் குறையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிலாளி என்ற முறையில் யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதுபோலவே இருக்கும். ஆனால் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அவர்களை எரித்தது தங்களுக்குக் குறைந்தது அல்ல, அவனுக்குக் கிடைத்தது. "எங்களுக்குச் சமமாக்கினீரே" என்பதே அவர்கள் புகார்.

ஒரு பணம் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பிழைப்பு. ஒரு மணி நேரத்துக்கு உரிய பங்கைக் கொடுத்தால் வீட்டில் சாப்பாடு இல்லை. எஜமான் வேலையை அளக்கவில்லை, அவனுடைய தேவையைப் பார்த்தான் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு, எனக்கும் அந்த வாசிப்பு சரியாகவே படுகிறது. கதை எதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்பதையும் பாருங்கள். அதற்கு முந்தின அதிகாரத்தின் முடிவில் பேதுரு கேட்கிறார்: எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?

லூக்கா 15-ல் இரண்டு மகன்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. தன் பங்குச் சொத்தை வாங்கிப் போய் அழித்துவிட்ட இளையவன் பன்றிகள் நடுவில் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. இது 19-ஆம் வசனம். வீட்டுக்கு வந்து பேசும்போது, 21-ஆம் வசனத்தில், அந்தக் கடைசி வரி இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூலி பேச அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அப்புறம் மூத்தவன் வருகிறான். இத்தனை வருஷம் உமக்கு ஊழியஞ்செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூட கொடுக்கவில்லையே என்கிறான். வீட்டைவிட்டு ஒருநாளும் போகாதவன் அவன். ஆனாலும் சம்பளம் பாக்கி என்ற கணக்கோடுதான் அந்த வீட்டில் இருந்திருக்கிறான். தகப்பனின் பதில்: "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்". கேட்டது கூலி, வந்த பதில் உறவு.

பவுலும் யாக்கோபும் மோதுகிறார்களா?

பவுல் இதையே சட்ட மொழியில் எழுதினார். ரோமர் 4:4-ல், கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாமல் கடனென்று எண்ணப்படும் என்கிறார். மாசச் சம்பளத்தை முதலாளியின் தயவு என்று யாரும் சொல்வதில்லை, அது அவர் நமக்குத் தர வேண்டிய பாக்கி. ரோமர் 6:23-லும் சொற்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பாவத்துக்கு 'சம்பளம்', போர்வீரனின் படிக்காசைக் குறிக்கும் சொல். தேவன் தருவதற்கு 'கிருபைவரம்'.

சரி, யாக்கோபு 2:24? விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. இதனால்தான் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1522-ல் யாக்கோபின் அந்த நிருபத்தை (கடிதத்தை) வைக்கோல் நிருபம் என்றார். ஆனால் இருவரும் எடுத்துக்காட்டும் ஆபிரகாமின் வாழ்க்கையில் தேதியைப் பாருங்கள். பவுல் தன் வாதத்தைக் கட்டுவது ஆதியாகமம் 15-ல். அங்கே ஆபிரகாம் நம்புகிறான், அது நீதியாக எண்ணப்படுகிறது. ஈசாக்கு அப்போது பிறக்கவே இல்லை. யாக்கோபு 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்ததைக் காட்டிவிட்டு, அந்த வசனம் அதில் நிறைவேறியது என்கிறார். பவுல் உறவு தொடங்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார், யாக்கோபு அந்த உறவு உயிரோடு இருக்கிறதா என்பதைப் பற்றி. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்லும்போது, அவர் கண்டிப்பது பவுலின் விசுவாசத்தை அல்ல, வெறும் ஒப்புக்கொள்ளுதலை.

சபைகள் இந்தக் கேள்வியில் பல நூற்றாண்டு சண்டையிட்டன. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்று பெலாகியுஸ் கற்பித்ததை அகுஸ்தீன் எதிர்த்தார், 418-ல் கார்த்தேஜ் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. 1517-க்குப் பின் லூத்தரின் சீர்திருத்தம். 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் லூத்தரின் போக்கைக் கண்டித்தது. ஆனால் அதே ஆவணத்தில், நீதிமானாக்கப்படுவதற்கு முந்திய விசுவாசமோ செயலோ அந்த அருளைச் சம்பாதித்துத் தருவதில்லை என்றும் எழுதியது. கத்தோலிக்கர் செயலால் மீட்பு என்று நம்புகிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்பவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பது அதன் மையம். மெதடிஸ்டுகள் 2006-லும் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-லும் சேர்ந்துகொண்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் அடிப்படை ஒன்று என்று இவ்வளவு பேர் ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமல்ல.

இதனால் என்ன மாறும்?

1. காணிக்கை. இரண்டு கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டுகிறார். அந்தப் பணத்துக்கே அவர் வைத்த பெயர் காரிஸ். தமிழில் அங்கே வேறு சொல் வருவதால் நமக்கு அது தெரியாமல் போகிறது. கிருபை மேலிருந்து வந்து, ஒருவர் கை வழியாக இன்னொருவருக்குப் போகிறது. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" கொடுக்கச் சொல்கிறார். கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று பயமுறுத்தி வாங்குவதற்கு இந்த அதிகாரங்களில் ஆதாரம் இல்லை.

2. நோய், இழப்பு. நான் சரியாக உபவாசம் இருக்கவில்லை, அதனால்தான் கரு தங்கவில்லை என்று ஒரு பெண் அழும்போது அங்கே பேசுவது கூலிக் கணக்கு. யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு அந்தக் கணக்கையே மறுத்தார். அந்தப் பெண்ணுக்கு முதலில் சொல்ல வேண்டிய வசனம் இதுதான்.

3. ஒழுக்கம். கிருபை பெருகும்படி பாவம் செய்துகொண்டே இருக்கலாமா என்ற கேள்வியைப் பவுலே ரோமர் 6:1-ல் எழுப்பி, கூடாதே என்கிறார். தீத்து 2:11-12-ல் கிருபை ஒரு ஆசிரியரைப் போல வருகிறது, தெளிந்த புத்தியோடு வாழக் கற்றுத்தருகிறது. தன்னுடைய உழைப்பைப் பற்றி ஒன்று கொரிந்தியர் 15:10-ல் அவர் எழுதியதும் இதே தொனி: எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, தேவகிருபையே.

4. நேர்ச்சை, பொருத்தனை. செப்டம்பரில் பாந்த்ராவில் மவுண்ட் மேரி திருவிழா நடக்கும்போது, மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் மெழுகுக் கடைகள். மெழுகில் கை, கால், குழந்தை, வீடு. கால் வலிக்காரர் காலை வாங்குவார், வீடு இல்லாதவர் வீட்டை வாங்குவார். மும்பையில் சொந்த வீடு என்பது என்ன கனவு என்று தெரிந்தவர்கள் அந்த மெழுகு வீட்டைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். தன் தேவையை உருவமாக ஏந்திக்கொண்டு போய்க் கடவுள்முன் வைப்பது ஜெபம்தான். வேதத்திலும் பொருத்தனைகள் உண்டு, சாமுவேலின் தாய் அன்னாள் பண்ணினாள். பிரச்சினை மெழுகில் இல்லை. செலுத்தத் தவறினால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார் என்ற பயத்தில் இருக்கிறது. அங்கேதான் மொய் நோட்டு திறக்கிறது.

ஏழாவது புதனைத் தவறவிட்ட அந்தத் தாய்க்கு லூக்கா 17-ஐ வாசித்துக் காட்டலாம். பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கத்துகிறார்கள். ஆசாரியரிடம் போய்க் காண்பியுங்கள் என்று இயேசு சொல்ல, போகும் வழியிலேயே பத்துப் பேரும் சுத்தமாகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்து காலில் விழுகிறான், அவன் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். வருத்தம் அந்தக் கேள்வியில் தெரிகிறது. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை.